டிஜிட்டல் இடைவெளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையம் எல்லாருக்கும் வந்துவிட்டது என்ற எண்ணம் நகரவாசிகளிடம் வேரூன்றிவிட்டது. உண்மையில் 2024-ல்கூட உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை. இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. அவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

டிஜிட்டல் இடைவெளி என்றால் என்ன? அது எவ்வளவு பெரியது?

இணையத்தையும் கணினியையும் கைபேசியையும் பயன்படுத்த வாய்த்தவர்களுக்கும் வாய்க்காதவர்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அது. பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் இடையே இருக்கிறது; ஒரே நாட்டில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இருக்கிறது; ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையேகூட இருக்கிறது.

ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலக மக்களில் 68 சதவீதம் பேர், அதாவது சுமார் 550 கோடிப் பேர், இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். 260 கோடிப் பேர் வெளியே நிற்கிறார்கள். வருமானம் அதிகமுள்ள நாடுகளில் 93 சதவீதம். வருமானம் மிகக் குறைந்த நாடுகளில் 27 சதவீதம். ஐரோப்பாவில் 91, ஆப்பிரிக்காவில் 38. நகரங்களில் 83, கிராமங்களில் 48.

டவர் இல்லாததுதானே காரணம்? டவர் போட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான்.

கைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-ல் தந்த கணக்கைப் பாருங்கள். கைபேசி இணைய சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் உலக மக்களில் வெறும் 4 சதவீதம், சுமார் 35 கோடிப் பேர். சிக்னல் தலைக்கு மேல் இருந்தும் கைபேசி இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் சுமார் 310 கோடிப் பேர். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 60 சதவீதம் பேர் இந்த இரண்டாம் வகையினர். அங்கேயே சிக்னல் எட்டாதவர்கள் 13 சதவீதம்தான்.

ஆகவே வெளியே நிற்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் டவரின் நிழலிலேயே வாழ்கிறார்கள். அவர்களைத் தடுப்பவை வேறு: கைபேசியின் விலை, டேட்டாவின் விலை, மின்சாரம், எழுத்தறிவு, மொழி, வீட்டில் கைபேசியை யார் தொடலாம் என்ற அதிகாரம், உள்ளே போனால் தனக்கு உதவும்படி ஏதாவது இருக்கிறதா என்ற ஐயம். டவர் போடுவதற்கு ஒப்பந்தம் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மற்றவற்றுக்கு இவை எதுவும் கிடையாது. அரசுகள் டவரோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

விலை அவ்வளவு பெரிய தடையா? இந்தியாவில் டேட்டா மலிவுதானே?

இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தடதடவென்று சரிந்தது உண்மை. அந்த அனுபவத்தை வைத்து உலகத்தை அளக்க முடியாது. அடிப்படை இணையத்தின் விலை ஒரு நாட்டின் சராசரி மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் 2018-ல் இலக்கு வைத்தது. ஏழை நாடுகள் பலவற்றுக்கு அது இன்னும் எட்டாக்கனி. மிகக் குறைந்த வருமானம் உள்ள நாடுகளில் வீட்டுக்குக் கம்பிவழி இணைப்பு வாங்கினால் சராசரி மாத வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

சராசரி என்ற சொல்லிலும் ஓர் ஏமாற்று உண்டு. சராசரி வருமானக்காரருக்கு 2 சதவீதமாகத் தெரியும் தொகை, கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பத்து சதவீதமாக இருக்கலாம். டேட்டா மலிந்த நாட்டிலும் கைபேசி மலியவில்லை. கைபேசி இருந்தாலும் சார்ஜ் போட வேண்டும். ஆப்பிரிக்காவில் சுமார் 60 கோடிப் பேருக்கு வீட்டில் மின்சாரமே இல்லை. அங்கே கைபேசிக்கு சார்ஜ் ஏற்றித் தருவதே கடைவீதியில் ஒரு தொழில்.

இந்த ஏற்றத்தாழ்வு எப்போது தொடங்கியது?

இணையத்துக்கு முன்பே, தொலைபேசிக் காலத்திலேயே. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அமைத்த ஓர் ஆணையம், சர் டொனால்ட் மைட்லண்ட் தலைமையில், 1985 ஜனவரியில் ஓர் அறிக்கை தந்தது. அன்று உலகில் இருந்த 60 கோடித் தொலைபேசிகளில் முக்கால் பங்கு ஒன்பதே நாடுகளில் இருந்தன. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்ததைவிட டோக்கியோ நகரில் அதிகத் தொலைபேசிகள் இருந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் உலகில் ஒவ்வொருவரும் ஒரு தொலைபேசியை எளிதில் அடையும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அந்த ஆணையம் கேட்டது.

பிறகு இணையம் வந்தபோது ஏழை நாடுகளுக்கு எதிராக ஒரு கணக்கு சத்தமில்லாமல் மாறியது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இரு நாடுகளுக்கு இடையிலான தொலைபேசி இணைப்பின் செலவை இரு பக்கமும் பாதிப் பாதியாக ஏற்பது வழக்கமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்காக ஏழை நாட்டுக்குப் பணமும் வந்துகொண்டிருந்தது. இணையத்தில் இந்த ஒழுங்கு இல்லை. நைரோபியிலோ கொழும்பிலோ இருந்த நிறுவனம் அமெரிக்க வலையமைப்போடு இணைய வேண்டுமானால், முழு இணைப்புச் செலவையும் தானே ஏற்க வேண்டும். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்துக்கு அனுப்பும் மின்னஞ்சல்கூட இவர்கள் காசில்தான் ஓடியது. இல்லாதவன் இருப்பவனுக்குச் சேர்த்துக் கட்டணம் கட்டினான் என்று சொன்னால் மிகையில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் எப்போது வந்தது தெரியுமா? 2009-ல். அந்த ஆண்டு சீகாம், டீம்ஸ் என்ற இரண்டு கேபிள்களும், 2010-ல் ஈசி கேபிளும் வந்தன. அதுவரை கென்யா, தான்சானியா, உகாண்டா எல்லாம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. செலவு கொள்ளை, வேகம் ஆமை. அதைவிடக் கொடுமை, நைரோபியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அனுப்பும் மின்னஞ்சலும் வெளிநாடு போய்த் திரும்பியது. அதைத் தவிர்க்க உள்ளூர் நிறுவனங்கள் கூடி, தங்களுக்குள் இணையப் போக்குவரத்தை நேரடியாக மாற்றிக்கொள்ள, 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பரிமாற்ற மையம் அமைத்தன. தன் ஏகபோகம் பறிபோவதாக அரசுத் தொலைபேசி நிறுவனம் புகார் செய்ய, ஒழுங்குமுறை ஆணையம் சில வாரங்களிலேயே அதை மூடிவிட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2002-ல்தான் அது மீண்டும் திறந்தது. இடைவெளிக்குப் பணக்கார நாடுகள் மட்டும் பொறுப்பில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

கடலடிக் கேபிள் அறுந்தால் என்ன ஆகும்?

பணக்கார நாட்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பல கேபிள்கள் இருப்பதால் போக்குவரத்து வேறு பாதையில் திரும்பிவிடும். ஒரே கேபிளை நம்பியிருக்கும் நாடுதான் இருட்டில் விழும்.

2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் டோங்கா நாட்டை ஃபிஜியோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று பல நாள் தெரியவில்லை. பழுதுபார்க்கும் கப்பல் பாப்புவா நியூ கினியாவிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. பிரதான தீவுக்கு இணைப்பு திரும்ப ஐந்து வாரம் ஆனது. வெளித்தீவுகளுக்குச் செல்லும் உள்நாட்டுக் கேபிளைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆனது. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் கடற்கரைக்கு அருகே நான்கு கேபிள்கள் ஒரே சமயத்தில் சேதமடைந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகள் திணறின.

சில நேரம் கேபிள் நன்றாகவே இருக்கும், அரசு வெட்டிவிடும். எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதி 2020 நவம்பரிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு துண்டிக்கப்பட்டிருந்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய 4ஜி சேவை 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது.

குடிநீரும் மருத்துவரும் இல்லாத ஊருக்கு இணையம் ஒரு கேடா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாருமே கையில் இணையம் வைத்திருப்பவர்கள். ஏழை மீனவர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்த அனுபவம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் (ஐடிஆர்சி) நிதி உதவி செய்தது. வில்லியனூரில் ஒரு மையம். அதிலிருந்து கிராமங்களுக்குக் கம்பியில்லா ரேடியோ வழியே தகவல் போனது. மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் சூரிய மின்தகடு வைத்தார்கள். கணினியை இறக்கிவைத்துவிட்டுப் போகவில்லை. முதலில் ஊர் மக்களிடம் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். நெல் விலை, உர விலை, எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவர் எப்போது இருப்பார், எந்த அரசுத் திட்டத்துக்கு யார் தகுதியானவர் என்பவைதான் கேட்கப்பட்டன. எம்பலத்தில் மையத்தைப் பெண்களே நடத்தினார்கள்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவர்கள் கேட்டது நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை. அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் அடுத்த 24 மணி நேரத்துக்கான அலை உயர முன்னறிவிப்பை வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழில் மாற்றி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அது வாசிக்கப்பட்டது. கட்டுமரம் தள்ளப் போகிறவர் கணினியைத் தொட வேண்டியதில்லை, படிக்கத் தெரிய வேண்டியதில்லை, காசு கொடுக்க வேண்டியதில்லை. கடற்கரையில் நின்று காதால் கேட்டால் போதும். உலகத்தின் மிக நவீனமான தகவல் அவர் காதுக்கு, அவர் மொழியில், அவருக்குத் தேவையான நேரத்தில் வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இதைவிடச் சிறந்த வடிவமைப்பை நான் பார்க்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, அதே வலையமைப்பில் இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஓர் ஊர்க்காரரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர், அலை வருமுன் மேட்டுக்கு ஓடித் தப்பியது. குடிநீர் முதலில், இணையம் பிறகு என்று வரிசை போடுபவர்கள் நல்லவாட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழை நாடுகள் ஒரே தாவலில் முன்னேறிவிட்டதாகச் சொல்கிறார்களே?

சில இடங்களில் உண்மை. தொலைபேசிக் கம்பி வராத ஊர்களுக்கு நேரடியாகக் கைபேசி வந்தது. எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு கென்யாவின் எம்-பெசா. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கியது. தொடக்கத்தில் பிரிட்டன் அரசின் வளர்ச்சி நிதியும் அதற்கு உதவியது.

அது வேலை செய்யும் விதம் கவனிக்கத் தக்கது. நைரோபியில் காவல்காரராக இருப்பவர் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போகிறார். அடையாள அட்டையைக் காட்டிப் பணத்தைக் கொடுக்கிறார். கடைக்காரர் அந்தத் தொகையை அவருடைய எண்ணில் ஏற்றுகிறார். அவர் தன் பட்டன் கைபேசியில் மெனுவைத் திறந்து, ஊரில் உள்ள தாயின் எண், தொகை, ரகசிய எண் மூன்றையும் தட்டுகிறார். தாய்க்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அவர் தன் ஊர்ப் பெட்டிக்கடையில் அடையாள அட்டையைக் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்கிறார். இதில் எங்கேயும் இணையம் இல்லை, ஸ்மார்ட்போன் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. முன்பெல்லாம் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிய பணம் போய்ச் சேருமா என்று தவித்த மக்கள் அவர்கள். தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற பொருளியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, எம்-பெசாவால் கென்யக் குடும்பங்களில் 2 சதவீதம், அதாவது 1,94,000 குடும்பங்கள், கடும் வறுமையிலிருந்து மீண்டதாகக் கணித்தது.

ஆனால் பட்டன் கைபேசியில் பணம் அனுப்பலாம். விண்ணப்பம் எழுத முடியாது, பாடம் படிக்க முடியாது, வேலை தேடிச் சான்றிதழ்களை அனுப்ப முடியாது. சிறு திரையில் மட்டும் இணையம் பார்ப்பவரும் கணினியோடு வளர்ந்தவரும் ஒரே இணையத்தில் இருப்பதாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தால் போதாதா?

பெரு நாடு செய்து பார்த்தது. அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-ல் நூறு டாலர் மடிக்கணினி என்ற திட்டத்தை அறிவித்தார். விலை கடைசியில் இருநூறு டாலரை நெருங்கியது வேறு கதை. அவற்றை அதிகம் வாங்கிய நாடு பெரு. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கி 319 பள்ளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2012-ல் வந்தது. கணினிகள் பிள்ளைகள் கைக்குப் போயிருந்தன. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. ஆசிரியருக்கு அந்தக் கணினியை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று யாரும் சரிவரச் சொல்லித்தரவில்லை.

தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் சுமார் 50 லட்சம் மாணவர்கள் பயன்பெற்றார்கள். வீட்டில் முதன்முதலாகக் கணினி நுழைந்த குடும்பங்கள் அவற்றில் ஏராளம். நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். பெருந்தொற்றின்போது கணினியும் இணையமும் இல்லாத பிள்ளைகளின் கதி என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்தோம். உலகில் 3 முதல் 17 வயதுக்குள் உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர், 130 கோடிப் பேர், வீட்டில் இணையம் இல்லாதவர்கள் என்று யுனிசெஃப் 2020-ல் கணக்குச் சொன்னது. கருவி அவசியம். அதோடு ஆசிரியருக்குப் பயிற்சி, பழுதானால் சரிசெய்ய ஆள், தாய்மொழியில் பாடம் ஆகிய மூன்றுக்கும் அதே அளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் பெரு கற்றுத்தந்தது.

மொழி இதில் எங்கே வருகிறது?

நம்மை நேரடியாகத் தொடும் இடம் இது. உலகின் இணையதளங்களில் ஏறக்குறைய பாதி ஆங்கிலத்தில் இருக்கின்றன. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட நெருங்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2025-ல் எழுபது லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. தன்னார்வலர்கள் 2003-லிருந்து உழைத்துவரும் தமிழ் விக்கிப்பீடியா இரண்டு லட்சத்தைத் தொட முயன்றுகொண்டிருக்கிறது.

குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் எழுதினால் 70. அந்த எழுபதிலும் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம் போகும். ‘வணக்கம்’ என்று எழுதவே ஏழு இடம். அதே அறிவிப்பைத் தமிழில் அனுப்பினால் ஒன்று மூன்றாகப் பிரியும், செலவும் அதற்கேற்ப ஏறும். வங்கிகளிடமிருந்தும் அலுவலகங்களிடமிருந்தும் கிராமத்துப் பாட்டிக்கும் ஆங்கிலத்திலேயே செய்தி வருவதற்கு அலட்சியம் பாதிக் காரணம் என்றால், இந்தக் கணக்கு மீதி.

ஒரே வீட்டில் பெண்களுக்கு ஏன் குறைவாகக் கிடைக்கிறது?

கைபேசி வாங்கும் பணம் ஆண் கையில் இருக்கிறது. பெண்ணின் கையில் கைபேசி இருந்தால் சந்தேகமும் கூடவே வருகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இந்திய ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம் ஆம் என்றார்கள். தமிழ்நாட்டில் ஆண்கள் 71, பெண்கள் 47. பெண் கல்வியில் பெருமை பேசும் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் அப்போது இணையத்தைத் தொட்டதே இல்லை என்பது நம்மை உறுத்த வேண்டும்.

எல்லாச் சேவைகளையும் ஆன்லைனில் கொண்டுவந்தால் இடைவெளி குறையாதா?

இணைய வழி கூடுதல் வாசலாக இருந்தால் குறையும். பழைய வாசலை அடைத்துவிட்டு இது ஒன்றுதான் வழி என்றால் கூடும்.

இ-சேவை மையங்களில் அன்றாடம் நடப்பதைப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை பற்றிக் கேட்க ஒரு பாட்டி வருகிறார். சுருக்குப்பையில் ஆதார் அட்டை நாலாக மடிந்திருக்கிறது. மையத்தில் இருப்பவர் எண்ணைத் தட்டுகிறார். ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள் பாட்டி என்கிறார். ஆதாரோடு இணைத்திருப்பது திருப்பூரில் இருக்கும் மகனின் எண். மகன் ஷிப்டில் இருக்கிறான். கைபேசி கம்பெனி வாசலில் பெட்டிக்குள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஓடிபி காலாவதியாகிறது. விரல் வைக்கச் சொல்கிறார்கள். களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. பாட்டி பஸ்ஸுக்குத் திரும்புகிறார். எந்தப் பதிவேட்டிலும் அவர் வந்து போனதற்கான அடையாளம் இல்லை. முன்பு ஒரு தாசில்தாரிடம் சண்டை போடவாவது முடிந்தது.

2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால் மட்டுமே தடுப்பூசி என்று அரசு சொன்னது. இணையம் இல்லாத கிராமத்துக்காரர் என்ன செய்வார் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அரசு மையங்களில் நேரடிப் பதிவுக்கு வழிவிட்டார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடர்ந்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண் சிமிட்டினால்தான் அடையாளத்தை உறுதிசெய்வோம் என்ற வங்கி விதி அவர்களை வெளியே தள்ளியிருந்தது.

இலங்கையில் 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் குறியீடு கொண்டுவந்தபோது, அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றாலும் பெட்ரோல் கிடைத்தது. ஸ்மார்ட்போன் இல்லாத ஆட்டோ ஓட்டுநரும் வரிசையில் நிற்க முடிந்தது. தாள் வழியை விட்டுவைப்பதற்கு ஒன்றும் பெரிய செலவு ஆகாது.

நிறுவனங்கள் இலவசமாக இணையம் தந்தால் வேண்டாம் என்பானேன்?

எது இலவசம் என்பதைப் பொறுத்தது. ஃபேஸ்புக் 2015-ல் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது, நிறுவனம் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு. ஏழைக்கு ஒரு சன்னல், பணக்காரனுக்கு முழு வீடு. 2016 பிப்ரவரி 8 அன்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று தடை விதித்தது. சரியான முடிவு.

வளர்ந்த நாடுகளில் இந்தப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது, அளவு வேறு. அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை இணையக் கட்டணத்தில் சலுகை தந்த திட்டத்தில் 2.3 கோடிக் குடும்பங்கள் இருந்தன. நாடாளுமன்றம் நிதி ஒதுக்காததால் 2024 ஜூனில் அது நின்றுபோனது. ஃபின்லாந்து 2010 ஜூலையில் இணைய இணைப்பைக் குடிமக்களின் சட்ட உரிமையாக்கியது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு நிலைமை மாறுமா?

இப்போதைக்கு மோசமாகும் அறிகுறிதான் அதிகம். மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல்களைக் கட்டும் கணினிகளும் மூலதனமும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளில் குவிந்திருக்கின்றன. மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன. கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். ஒரே பொருளைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதல் துண்டுகள் பிடிக்கும். குறுஞ்செய்தியில் நடந்ததே இங்கேயும் நடக்கிறது. மாறாக, படிக்கத் தெரியாதவர் தன் மொழியில் பேசிக் கேட்டுப் பதில் பெற முடிந்தால் பெரிய தடை ஒன்று உடையும். அதற்கு அந்த மொழியின் பேச்சும் எழுத்தும் போதிய அளவு சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பணக்கார நாடுகளுக்கு இதில் பொறுப்பு உண்டா? அது தர்மம் கேட்பது போல் ஆகாதா?

கணக்குப் பார்த்தால் தர்மம் அந்தப் பக்கம் போவதுபோல் இருக்கிறது. பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவில் தோண்டப்படுகிறது. உபயோகம் முடிந்த கணினிகள் கானாவின் அக்போக்பிளோஷிக் குப்பைமேட்டில் எரிந்தன. செயற்கை நுண்ணறிவுக்காக வக்கிரமான உரைகளைப் படித்து வகைபிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்தது என்று 2023-ல் செய்தி வந்தது. கனிமமும் கைவேலையும் குப்பையும் தெற்கில். இணைப்பும் லாபமும் வடக்கில்.

செனகல் அதிபராக இருந்த அப்துலாயே வாட், 2003-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. உச்சி மாநாட்டில் டிஜிட்டல் ஒருமைப்பாட்டு நிதி ஒன்றை அமைக்க வேண்டும் என்று கேட்டார். 2005-ல் அது தொடங்கியது. பணக்கார நாடுகளில் பெரும்பாலானவை பணம் போடவில்லை. சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

இந்தியா தன் பங்குக்கு என்ன செய்திருக்கிறது? நான் என்ன செய்ய முடியும்?

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதத்தை ஊரகச் சேவைக்கென ஒதுக்கும் நிதி 2002-லிருந்து இருக்கிறது. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதன் பணத்தில்தான், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் 2011-லிருந்து நடந்துவருகிறது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. இணைக்கப்பட்டுவிட்டதாகக் கணக்கில் உள்ள எல்லா ஊராட்சிகளிலும் இணையம் ஓடுவதாக நினைத்துவிட வேண்டாம்.

உங்களால் செய்யக்கூடியது இங்கேயே தொடங்குகிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு பாரத்நெட் இணைப்பு வந்திருக்கிறதா, பெட்டியில் விளக்கு எரிகிறதா, பள்ளிக்கும் நூலகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதிலிருந்து இணைப்பு தரப்பட்டிருக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். ஓடிபி கிடைக்காமலும் ரேகை விழாமலும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயர், தேதி, காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.